பெயர் என்னும் பூர்வீகச் சொத்து

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் எழுந்தருளியிருக்கும் கலியுக வரதராஜப் பெருமாளுக்கு, மற்ற வைணவத் தலங்களில் நாம் தரிசிப்பது போன்ற மூலவர் திருமேனி கிடையாது; அனுமன் உருவம் பொறித்த ஒரு கல்தூணே மூலஸ்தானத்தில் நின்று பூஜை ஏற்கிறது. காணாமற்போன பசுவைத் தேடிச் சென்ற குடியானவர் ஒருவர் அத்தூணைக் கண்டார் என்பதும், அப்பசு தானாகவே அதன்மேல் பால் சொரிந்தது என்பதும் தலவரலாறு. பங்குனியில் ஸ்ரீராம நவமியை ஒட்டி நடக்கும் பெருந்திருவிழாவுக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திரண்டு வருகிறவர்கள், அவ்வாண்டு விளைந்த தானியத்தில் ஒரு பங்கையும், நேர்ந்துவிட்ட ஆட்டையும் மாட்டையும் காணிக்கையாகச் செலுத்திவிட்டுப் போகிறார்கள். கலியபெருமாள், கலியமூர்த்தி, வரதராஜன் என்னும் பெயர்கள் இவ்வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கேட்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அங்கே வருகிறவர் தனி மனிதராக வருவதில்லை என்பதே நமக்கு முக்கியமான விஷயம். நேர்ந்துகொண்டவர் தந்தை, செலுத்துகிறவர் மகன், பெயர் சூட்டப்படுகிறவர் பேரன். மூன்று தலைமுறைகள் ஒரே வாக்கால் கட்டுண்டிருக்கின்றன. குடும்பம் என்பது தெய்வத்தின் முன்னிலையிலும் ஊரின் முன்னிலையிலும் ஒரே ஆளாக நிற்கிறது என்ற இந்த எண்ணத்திலிருந்துதான், சிற்றூர் வாழ்வில் கௌரவம் என்று சொல்லப்படும் பெரும் பொருளின் நன்மையும் தீமையும் ஒருங்கே பிறக்கின்றன.

நன்மையை முதலில் சொல்லிவிடுவது நியாயம். நகரத்து மேஜையில் அமர்ந்துகொண்டு, மானம், மரியாதை என்பனவெல்லாம் பழைய காலத்து மூடத்தனம் என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுகிறவர்கள், மழையை நம்பிய புன்செய்ப் பூமியில் வங்கியும் பத்திரமும் இல்லாத நாட்களில் ஒரு குடியானவன் எப்படி விதைத்தான், எப்படி மகளைக் கட்டிக்கொடுத்தான் என்று ஒருகணம் யோசித்துப் பார்ப்பதில்லை. விதைக் காலத்தில் கைமாற்று வாங்கினால் அறுவடையில் திருப்பிக் கொடுப்பான் என்பதற்கு அந்த வீட்டின் பெயரைத் தவிர வேறு ஈடு இல்லை. வரப்புத் தகராறில் யார் சொல்வதை ஊர்க்கூட்டம் ஏற்றுக்கொள்ளும் என்பதும், மாடு வாங்கப் போன இடத்தில் யாரால் கடன் சொல்ல முடியும் என்பதும், பெண் கேட்டுப் போனால் எந்த வீட்டில் பாய் விரிப்பார்கள் என்பதும் அதே பெயரைப் பொறுத்தவை. ‘அந்த வீட்டில் சொன்னால் சொன்னதுதான்’ என்று நாலு பேர் வாயால் வரும் ஒரு வாக்கியம், பாட்டனும் தகப்பனும் வாழ்நாள் முழுவதும் தங்கள் வாக்கைக் காப்பாற்றிச் சேர்த்துவைத்த மூலதனம்.

மொய் என்னும் வழக்கத்தை எடுத்துக்கொண்டாலும் இதே நியாயம் விளங்கும். கல்யாணப் பந்தலின் ஓரத்தில் மேஜை போட்டு, நோட்டில் இன்னார் இவ்வளவு என்று எழுதிக்கொள்வதை அற்பமான கணக்கு என்று எண்ணுவது பிழை. ஒரே நாளில் பெருந்தொகை தேவைப்படுகிற குடும்பத்துக்கு ஊரார் அனைவரும் சிறுகச் சிறுகக் கடன் கொடுத்து, தத்தம் வீட்டு விசேஷங்களில் அதைச் சற்றுக் கூடுதலாகத் திரும்பப் பெறுகிற இந்த ஏற்பாட்டுக்கு வட்டி எழுதுவதில்லை, ஜாமீன் கேட்பதில்லை. திருப்பிச் செய்யாதவன் பெயர் கெட்டுவிடும் என்ற ஒரே அச்சம் அத்தனை பேரையும் நேர்மையாக நடக்கச் செய்கிறது.

கோயில் மரியாதையும் இவ்வகையைச் சேர்ந்ததே. அர்ஜுன் அப்பாதுரை, கரோல் பிரெக்கன்ரிட்ஜ் என்ற இரு மானிடவியலார் 1976-இல் தென்னிந்தியக் கோயில்களைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில், தெய்வத்துக்குக் கொடுக்கப்படும் தானம் மாலையாகவும் பரிவட்டமாகவும் பிரசாதமாகவும் கொடுத்தவருக்கே கௌரவ உருவில் திரும்பி வருகிறது என்றும், அந்த மரியாதைகளைப் பகிர்ந்தளிப்பதே சமூகத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பிரகடனம் செய்கிறது என்றும் எடுத்துக்காட்டினார்கள். முதல் மரியாதை தகராறுகள் நீதிமன்றம் வரை போவதைப் பார்த்து ஒரு தேங்காய் மூடிக்காகவா இத்தனை செலவு என்று கேட்கிறவர்கள், அந்தத் தேங்காய் மூடி ஒரு குடும்பத்துக்குச் சாசனம் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சாசனத்தில் சிலருடைய பெயர் எழுதப்படவே இல்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். கோயிலுக்காகக் குடும்பம்தோறும் தண்டப்படும் தலைக்கட்டு வரி எந்தத் தெருவில் வாங்கப்பட்டது, எந்தத் தெருவில் வாங்க மறுக்கப்பட்டது, தேர் எந்த வீதி வரைக்கும் போயிற்று என்ற கேள்விகளைக் கேட்டால், கௌரவம் என்பது ஊரிலுள்ள எல்லாருக்கும் உரிய பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை என்பது வெளிப்படும். வரி வாங்க மறுப்பது பணத்தை வேண்டாமென்பதன்று. ‘உன் குடும்பத்தை ஒரு குடும்பமாக நாங்கள் எண்ணவில்லை’ என்பது அதன் பொருள்.

குடும்பத்தின் பெயரைப் பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தாகப் பாவித்துப் பார்த்தால், அதன் நடைமுறை முழுவதும் தெளிவாகிறது. மிதாட்சரம் என்னும் பழைய இந்துச் சொத்துரிமை நெறிப்படி மகன் பிறந்த கணத்திலேயே சொத்தில் பங்குதாரனாகிவிடுகிறான். தகப்பன் கர்த்தாவாக நின்று நிர்வகிக்கிறான். தகப்பன் பட்ட கடனைத் தீர்ப்பது மகனுடைய தர்மக் கடமை. பெயருக்கும் இவ்விதிகள் அத்தனையும் பொருந்தும். பாட்டன் சம்பாதித்த நல்ல பெயரைப் பேரன் அனுபவிக்கிறான். சித்தப்பன் மகன் செய்த மோசத்துக்குப் பங்காளிகள் அனைவரும் தலைகுனிகிறார்கள். ஓர் அம்சத்தில் மட்டும் இந்தச் சொத்து நிலத்திலிருந்து வேறுபடுகிறது. அந்த நெறியில் நிலத்தில் மகளுக்குப் பங்கு இருந்ததில்லை. பெயருக்கோ அவளே ஈடு. விளைச்சலை ஆண்கள் அனுபவிக்க, அடமானமாக வைக்கப்பட்டவள் பெண். மகன் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தாலும், அடுத்தவர் பணத்தை மோசம் செய்தாலும் பெயருக்கு வரும் சேதம் சில வருஷங்களில் தேய்ந்து மறைந்துவிடும். மகள் தன் விருப்பப்படி ஒருவனைத் தேர்ந்துகொண்டால் மட்டும் மூலதனமே முழுகிவிட்டதாக வீடு அலறுகிறது. இது தமிழர்களுக்கு மட்டும் உரிய நோயன்று. ஸ்பெயின் தேசத்து ஆண்டலூசியாவில் ஒரு மலையூரில் தங்கி ஆராய்ந்து 1954-இல் நூல் வெளியிட்ட ஜூலியன் பிட்-ரிவர்ஸ், கௌரவம் என்பது ஒருவன் தன்னைத்தானே மதிப்பதும் பிறர் அவனை மதிப்பதும் சேர்ந்த பொருள் என்று விளக்கியதோடு, அங்கும் ஆணின் மானம் அவன் வீட்டுப் பெண்களின் நடத்தையில் கொண்டுபோய் வைக்கப்பட்டிருந்ததை விரிவாக எழுதினார். மதமும் மொழியும் உணவும் வேறான ஓரூரில் இதே கணக்கு நடந்திருக்கிறது என்றால், நம் சம்பிரதாயத்தின் தனிப் பெருமையாக அதை யாரும் கொண்டாடுவதற்கு இடமில்லை.

சட்டம் இந்த ஏற்றத்தாழ்வைத் தன்னளவில் திருத்த முயன்றிருக்கிறது. 1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அந்த ஆண்டு மார்ச் 25-ஆம் தேதிக்கு முன் மணமாகாத மகள்களுக்கு, மகனைப் போலவே பிறப்பால் வரும் பங்குரிமையைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் அளித்தது. 2005-இல் மத்திய அரசு இவ்வுரிமையை நாடு முழுவதற்கும் விரித்தது. தகப்பன் கடனை மகன் தீர்த்தாக வேண்டும் என்ற பழைய தர்மக் கடமையையும் அதே திருத்தம் நீக்கியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்தாரா என்ற கேள்விக்கே இடமின்றி மகளுக்குப் பங்கு உண்டு என்று தீர்த்துச் சொன்னது. இவ்வளவு தெளிவான சட்டம் வந்த பிறகு ஊரில் நடந்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அரியலூர் வட்டாரம் பல நூற்றாண்டுகளாகக் கம்பும் சோளமும் விளைந்த பூமி. அடியில் சுண்ணாம்புக்கல் கிடந்தது. தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் ஆலை 1979-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர்ப் பெரிய தனியார் ஆலைகளும் வந்து சேர்ந்தன. சுரங்கத்துக்காகவும் சாலைக்காகவும் மனைக்காகவும் நிலம் கைமாறத் தொடங்கியபோது, எவருடைய கையொப்பம் வேண்டும் என்ற கேள்வி முதன்முறையாகப் பெண்களைத் தேடி வந்தது. நெடுநாள் வாசற்படி மிதிக்காத அண்ணன் சீர்த்தட்டோடு தங்கை வீட்டுக்கு வருகிறான். குழந்தைகளுக்குத் துணிமணி எடுத்துவருகிறான். புறப்படும் வேளையில், அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தைப் பற்றிப் பேச்செடுக்கிறான். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் நல்ல குடும்பத்துப் பெண். ‘எனக்கும் பங்கு உண்டாமே, அண்ணே’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டாலோ, கூடப்பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கத் துணிந்தவள், பிறந்த வீட்டு மானத்தைச் சந்திக்குக் கொண்டுவந்தவள் என்று ஏசப்படுகிறாள். நாளைக்கு அவள் மகளுக்குத் தாய்மாமன் சீர் வராது. பொங்கல் வரிசை நின்றுபோகும். மாமியார் வீட்டில் சண்டை என்று வந்தால் போய் நிற்க ஒரு திண்ணை இருக்காது. இந்தக் கடைசி அச்சம்தான் அவளுடைய கையைப் பத்திரத்துக்குக் கொண்டுபோகிறது. சட்டம் கொடுத்த பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கருவியாகக் குடும்பத்தின் பெயரே பயன்படுகிறது. கௌரவத்தால் விளையும் கொடுமை என்றவுடன் இரத்தம் சிந்தும் சம்பவங்களை மட்டுமே நாம் நினைக்கிறோம். பதிவு அலுவலகங்களில் ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாமல் நடக்கும் இந்தப் பறிமுதலையும் அதே பேரேட்டில்தான் எழுத வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மானத்தின் வேறொரு முகத்தைக் காட்டி, அரியலூரின் பெயரைத் தேசம் முழுவதும் அறியச் செய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற எக்ஸ்பிரஸ் ரயில், பெருமழையால் வெள்ளம் புரண்ட மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது மத்திய ரயில்வே அமைச்சராயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அந்தப் பாலத்தை அவர் கட்டவுமில்லை, அன்றிரவு அவர் காவல் காக்கவுமில்லை. சில மாதங்களுக்கு முன் மகபூப் நகரில் நடந்த விபத்தின்போதே அவர் ராஜினாமா கொடுக்க, பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் மறுபடி கொடுத்த ராஜினாமா ஏற்கப்பட்டது. தம் பொறுப்பில் இருந்த ஒன்றினால் பிறர் உயிர் போனதற்குத் தாமே விலை கொடுத்தார் அவர். நாங்களும் மானத்துக்காகவே வாழ்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர்களில் அந்த ராஜினாமாவை இன்றும் பெருமையோடு பேசுகிறார்கள்; பேசுவது சரிதான். மானம் உள்ளவன் செய்யும் காரியம் அது. இழப்பு முழுவதும் அவருடையது. அவர் யாரையும் பலிகொடுக்கவில்லை.

அதே ரயில் பாதையில் அரியலூரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் விருத்தாசலம் வந்துவிடும். அதற்கு அருகிலுள்ள புதுக்கூரைப்பேட்டையில் 2003-ஆம் ஆண்டு நடந்ததும் மானத்தின் பெயரால்தான் நடந்தது. முருகேசன் ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்து வேதிப்பொறியியல் படித்து முடித்தவர்; கண்ணகி வன்னியர் குடும்பத்தைச் சேர்ந்த வணிகவியல் பட்டதாரி, ஊராட்சித் தலைவரின் மகள். இருவரும் அவ்வாண்டு மே 5-ஆம் தேதி கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, நிலைமை அறிந்து அதை வெளியிடாமல் தத்தம் வீடுகளிலேயே இருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் கண்ணகியின் உறவினர் இருவரையும் தேடிப் பிடித்துவந்து, ஜூலை 8-ஆம் தேதி ஊரார் பார்த்திருக்க, வாயில் ஊற்றிய விஷத்தை அவர்கள் உமிழ்ந்தபோது காதிலும் மூக்கிலும் செலுத்திக் கொன்று எரித்தார்கள். முருகேசனின் குடும்பத்தார் காவல் நிலையத்துக்குப் போனபோது அவமதித்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். செய்தி பத்திரிகைகளில் வந்த பின்னரே வழக்குப் பதிவாயிற்று. அதிலும் மகனைப் பறிகொடுத்த வீட்டாரையே குற்றவாளிகளாகச் சேர்த்து எழுதினார்கள். 2004-இல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர்ச் சிறப்பு நீதிமன்றம், கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனையும், தந்தை உள்ளிட்ட பன்னிரண்டு பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் இருவர் காவல்துறை அதிகாரிகள். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

இந்தச் சம்பவத்தை ஒரு தகப்பனின் கோபம் என்றோ, ஓர் அண்ணனின் வெறி என்றோ சொல்லிவிடுவது, நடந்ததைப் பாதி மறைப்பதாகும். தன்னறையில் தனியே இருக்கும் மனிதன் கோபப்படலாம், அழலாம், சில வருஷங்கள் பேசாமலும் இருக்கலாம். பேரக் குழந்தை பிறந்ததும் மனம் இளகிய தகப்பன்மார் எத்தனையோ பேர். கொலை செய்யும் துணிவு தெருவிலிருந்து வருகிறது. ‘இன்னுமா சோறு இறங்குது?’ என்று கேட்கும் பங்காளியும், டீக்கடையில் அவனைக் கண்டவுடன் பேச்சை நிறுத்திக்கொள்ளும் நாலு பேரும், இனி உன் வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்று சொல்லியனுப்பும் சம்பந்திகளும் சேர்ந்து, அன்பு என்ற ஒன்றை அந்த மனிதனிடமிருந்து சிறிது சிறிதாகப் பிடுங்கிவிடுகிறார்கள். 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாயில், சாதி கடந்து மணந்த பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்று மாலையே நத்தம் முதலிய மூன்று தலித் குடியிருப்புகள் தீக்கிரையாயின. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்ட அந்த மனிதரும், வாழ்நாள் சேமிப்பை நெருப்புக்குக் கொடுத்த அந்தக் குடும்பங்களும் ஒரே தெருவின் வாய்க்கு இரையானவர்கள். அந்த வாய்க்குச் சொந்தக்காரர்கள் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் ஏறுவதில்லை என்பது என்னை நெடுநாளாக வருத்துகிற விஷயம்.

வெளியூர் வேலையும் கல்லூரிப் படிப்பும் இந்தக் கட்டை இயல்பாகவே அவிழ்த்துவிடும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். நடந்தது சற்று வேறு. கடன் வாங்க வங்கியும் நகைக்கடன் கடையும் வந்துவிட்டன. வரப்புத் தகராறைச் சர்வேயர் தீர்க்கிறார். திருப்பூரிலும் வளைகுடாவிலும் சம்பாதிக்கிறவனுக்கு ஊரில் கைமாற்றுக் கேட்க வேண்டிய அவசியமில்லை. பெயர் முன்பு செய்துவந்த உபயோகமான காரியங்கள் ஒவ்வொன்றாக வேறு இடங்களுக்குப் போய்விட, பெண்ணின் திருமணத்தைக் காவல் காப்பது ஒன்றே அதற்கு மிச்சமான வேலையாயிற்று. வாக்குத் தவறியவனை ஊர் இப்போது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. பொய்க் கணக்கு எழுதிப் பணக்காரனானவனுக்குப் பரிவட்டம் கட்டத் தயங்குவதில்லை. பழைய கௌரவத்தில் எவையெல்லாம் நேர்மையோடு சம்பந்தப்பட்டவையோ அவை தேய்ந்துபோக, எது சாதியோடு சம்பந்தப்பட்டதோ அது மட்டும் முன்னைவிட மூர்க்கமாக நிற்கிறது.

சட்டத்தின் பக்கம் செய்யப்பட்டவை குறைவல்ல. பெரியார் தொடங்கிவைத்த சுயமரியாதைத் திருமணங்களை 1967-இல் அண்ணா அரசு சட்டப்படி செல்லத்தக்கவையாக்கியது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று தீர்ப்பளித்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவு அமைக்க உத்தரவிட்டு, பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கவும் சொன்னது. 2023 ஆகஸ்டில் வந்த மற்றொரு தீர்ப்பு இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது: சுயமரியாதைத் திருமணம் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டுத்தான் நடக்க வேண்டும் என்று முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்ததை உச்ச நீதிமன்றம் தள்ளி, வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சும் இருவரைப் பகிரங்கத்துக்கு வரச் சொல்வது அவர்களுடைய உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைக் கருத்தில் கொண்டது. ஆனால் மதம் கடந்து மணக்கிறவர்களுக்கு உரிய 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், முப்பது நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்து, அதை அலுவலகத்தில் எல்லாரும் காணும்படி ஒட்ட வேண்டும் என்று இன்னும் சொல்கிறது. மாநகரத்தில் அந்தக் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. சிறு நகரத்தில் பத்திரப் பதிவுக்காக வரும் யாராவது ஒரு மாமனோ மச்சானோ அதைப் படித்துவிடுவது நிச்சயம். 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றுவது பற்றிப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. கொலைக்குத் தண்டனை இப்போதும் இருக்கிறது. கொலைக்கு முந்திய வாரங்களில் நடப்பவற்றை, அதாவது வீட்டுக் காவலை, மிரட்டலை, ஊர்க்கூட்டத்தை, தள்ளிவைப்பதைக் குற்றமாக வரையறுப்பதில்தான் அப்படியொரு சட்டத்தின் பயன் இருக்கும். சாட்சிகளைக் காப்பதில் இன்னும் அதிகமாக இருக்கும்.

சாட்சிகளைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் புதுக்கூரைப்பேட்டை வழக்கே. அன்று கண்ணால் கண்டவர்களில் பலர், நீதிமன்றக் கூண்டில் ஏறியதும், எதையும் பார்க்கவில்லை என்று பிறழ்ந்துபோனார்கள். அரசாங்கத் தரப்புக்குக் கடைசிவரை ஆதாரமாக நின்றவர்களில் முதன்மையானவர் முருகேசனின் சிற்றன்னை. அக்கொலையைக் கண்டு, காவல் நிலையத்தில் சாதி சொல்லி விரட்டப்பட்டு, அதே ஊர்ப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டே பதினெட்டு ஆண்டுகள் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்புக்காகக் காத்திருந்த குடும்பம் அவர்களுடையது. அவர் உறவினர் என்பதால் அவருடைய சாட்சியத்தை நம்பக்கூடாது என்று வாதிட்டார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று நீதிபதிகள் சுதான்ஷு தூலியா, பிரசாந்த் குமார் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அந்த வாதத்தை மறுத்து, அவர் சொன்னதை நம்பத்தக்கதென்று ஏற்று, குற்றவாளிகளின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, அவருக்கும் முருகேசனின் தந்தைக்கும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உத்தரவிட்டது.